எந்த வயசுக்கு எந்த பைபிள்

"கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க," என்றாள் சுந்தரி.

"மேல ஆளுங்க உக்காருவாங்களே. புத்தகம்னா சரஸ்வதி," என்றார் சிவப்பிரகாசம்.

"அப்ப பாத்ரூம் பரண்ல ஏத்துங்க."

"இன்னா பேச்சு பேசற நீ."

"அதுவும் ஆவாதுன்னா, மூடிக் கெடக்கிற தங்கச் சுரங்க ஷாஃப்ட் எத்தினியோ கீது. ஆட்டோ வச்சி எடுத்தும்போயி ஒண்ணுல போட்டுட்டு வந்துடுங்க."

கூடத்தின் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதற்குள் முழுக்க பைபிள்கள். பழைய மொழிபெயர்ப்பு, எளிய தமிழ், வயதானவர்களுக்கான பெரிய எழுத்து, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், பல் முளைக்கிற வாண்டுகள் கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டைப் படக்கதை என்று வகைவகையாக இருந்தன. அவற்றின் எதிரே நெற்றி நிறைய விபூதியோடு சிவப்பிரகாசம் நின்றார். பெண் பார்க்க வருகிறவர்கள் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு வருவதாகத்தான் பேச்சு. காலையில் தரகர் சம்பங்கி போன் செய்து, "இன்னைக்கே நாள் நல்லா கீதாம் சார். கெளம்பிட்டாங்க, வி.கோட்டா தாண்டிட்டாங்க," என்றார். அதோடு போனை வைத்திருக்கலாம். "ஆம்பூர்ல பேர் போன ஆச்சாரமான குடும்பம் சார். பை கம்பெனி வச்சிருக்காங்க. சாமி விஷயத்துல இம்மி பிசகினாலும் எழுந்து போயிடுவாங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

மகள் ஷில்பா மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவள். காட்டிய மாப்பிள்ளை போட்டோக்களை எல்லாம் உதட்டைப் பிதுக்கித் திருப்பித் தந்தவள், ராகேஷ் என்கிற இந்தப் பையனின் போட்டோவை மட்டும் திருப்பித் தரவில்லை. கேட்டால் தொலைந்துவிட்டது என்றாள். அது அவளுடைய ஆபீஸ் பையில் இருப்பது சுந்தரிக்குத் தெரியும். இந்த இடம் தட்டிப்போனால் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இருவரின் கவலையும்.

பைபிள்கள் வந்த கதை வேறு. சிவப்பிரகாசத்துக்கு ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஸ்டேஷனரி கடை. சாம்பியன் ரீப்ஸ் பக்கம் ஒரு சர்ச்சில், கிறிஸ்துமஸுக்குக் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் பைபிள் பரிசு தருவதென்று தீர்மானம் போட்டார்கள். எந்த பைபிள் என்பதில் கமிட்டி இரண்டாகப் பிளந்தது. ஈவ்லின் டீச்சர் பழைய மொழிபெயர்ப்பை விட்டு ஓர் எழுத்துகூட நகரமாட்டார். வாலிபர் சங்கத்து சுந்தரராஜ் எளிய தமிழைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். யார் பொறுக்கினாலும் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில், "நம்ம ஆளே வேணாம். விபூதி பூசறவரு பொறுக்கட்டும், யாரும் கோவிச்சிக்க முடியாது," என்று இரண்டு கட்சியும் சேர்ந்து அந்த வேலையைச் சிவப்பிரகாசத்தின் தலையில் கட்டின.

அவரோ எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். பென்சில் விற்றாலும் சீவி, எழுதிப் பார்த்துத்தான் விற்பார். சாம்பிள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

"சுந்தரி, சின்னப் பையன் ஒருத்தன் கவண் அடிச்சி ராட்சசன சாய்ச்சிட்டு, தலைய வெட்டறான். அஞ்சு வயசுக்கு இது ஆவுமா?"

"ஆவாது. புள்ளைங்க பயந்துக்கும்."

"நீ சூரசம்ஹாரம் சொல்லித்தான ஷில்பாவுக்கு சோறு ஊட்டின."

"அது நம்ம சாமி. பழகின சண்டை," என்றாள் சுந்தரி.

இப்படிப் படித்துப் படித்து, எந்தக் கதை எந்த வயதுக்கு, எந்தத் தமிழ் யார் வாய்க்கு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. இப்போது ஒளிக்க இடம்தான் இல்லை.

புத்தகத்தை மரியாதையாக வைக்கக்கூடிய இடம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூஜை அறைக்குள் போனார்.

"நல்லா கீது. அங்க வச்சா முதல்ல அதான் கண்ணுல படும்," என்றாள் சுந்தரி.

"அட்டை போட்டுட்டா?"

கடையில் விற்காமல் நின்ற போன வருஷத்துக் காலண்டர்கள் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுத்த கை அவருடையது. பழைய மொழிபெயர்ப்பு முருகராகவும், எளிய தமிழ் லட்சுமியாகவும், பெரிய எழுத்து பிள்ளையாராகவும் மாறி, குத்துவிளக்குக்குப் பின்னால் வரிசையாக நின்றன. சுந்தரி பழக்க தோஷத்தில் ஆளுக்கொரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள்.

வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா சின்னசாமி, அம்மா பாக்யலட்சுமி, ராகேஷ், அவர்களுக்கு முன்னால் சம்பங்கி என்று இறங்கினார்கள். மூவர் நெற்றியிலும் பட்டை பட்டையாக விபூதி. வாசலில் நின்று பூசிக்கொண்டது போல இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. சம்பங்கி சொன்னது சரிதான் என்று சிவப்பிரகாசம் தம் விபூதியை இன்னொரு தடவை சரிசெய்துகொண்டார்.

பழத்தட்டுகளைக் கூடத்தில் வைத்தார்கள். ஷில்பா காபி கொடுத்தாள். ராகேஷ் டம்ளரை வாங்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டதைச் சுந்தரி பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு அவளுக்குப் பயம் இரண்டு மடங்கானது.

"பை கம்பெனின்னு சம்பங்கி சொன்னாரு. ஸ்கூல் பைங்களா?" என்று சிவப்பிரகாசம் பேச்சை ஆரம்பித்தார்.

"பை மாதிரிதாங்க. ஜிப் வச்சது," என்று சொல்லிவிட்டுச் சின்னசாமி மின்விசிறியைப் பார்த்தார்.

பாக்யலட்சுமி சட்டென்று எழுந்தார். "பூஜை ரூம் எந்தப் பக்கம்? சாமி கும்பிட்டுட்டு வந்து பேசலாமே."

போனவர் அங்கேயே கையைக் கூப்பிக்கொண்டு நின்றுவிட்டார். "எத்தினி பக்திப் புத்தகம். தெனம் படிப்பீங்களா?"

"படிக்காம தூங்க மாட்டாரும்மா," என்று சம்பங்கி முந்திக்கொண்டார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"அப்ப நல்ல நாளும் அதுவுமா எதனா ஒண்ணு படிங்க, கேப்போம்."

சிவப்பிரகாசம் லட்சுமியை எடுத்தார். தமக்கு மட்டும் தெரிகிற மாதிரி மார்போடு அணைத்துத் திறந்தார். வந்து விழுந்தது யோனாவின் கதை. பெயரை விழுங்கிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

"சாமி ஒருத்தர கூப்ட்டு, இன்ன ஊருக்குப் போயி புத்தி சொல்லுன்னாரு. அவரு நேரா எதிர்ப்பக்கம் போற கப்பல்ல ஏறிட்டாரு."

"நம்ம ராகேஷே தான்," என்றார் பாக்யலட்சுமி.

சிவப்பிரகாசத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. புயலை எழுப்பினார், ஆளைக் கடலில் போட்டார், மீனை வாயைத் திறக்க வைத்தார். மீன் வயிற்றுக்குள் இருட்டில் அந்த மனிதர் புலம்பிய இடத்தில், "நம்ம சுரங்கத்துல கேஜ் அறுந்து கீழ் லெவல்ல மாட்டிக்கினவன் மாதிரி," என்று சேர்த்துக்கொண்டார். மீன் அவரைக் கரையில் துப்பியபோது பாக்யலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது எந்தப் புராணங்க? நாங்க கேட்டதில்லையே."

"அது வந்து, கடலோரப் பக்கத்துப் புராணம்."

கதை முடியும்வரை வாயே திறக்காத சின்னசாமி கையை நீட்டினார். "அந்தப் புக்க இப்படிக் கொடுங்க."

கொடுக்காமல் இருக்க முடியுமா? சின்னசாமி அதைத் திறக்கவில்லை. காலண்டர் தாளுக்கு வெளியே தெரிந்த பக்கங்களின் சிவப்பு ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். நீளவாட்டில் ஒரு தடவை, அகலவாட்டில் ஒரு தடவை கையைச் சாண் விரித்து அளந்து பார்த்தார். பிறகு பிள்ளையாரை எடுத்து அதையும் சாண் போட்டார். மனைவியைப் பார்த்தார். பாக்யலட்சுமியின் முகம் மாறிப்போயிற்று. இருவரும் காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டார்கள். சிவப்பிரகாசத்தின் விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வரை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில், "சார் இருக்காரா?" என்று குரல் கேட்டது.

ஆராதனை முடிந்து, இந்த ஞாயிறு முடிவு சொல்வதாகச் சிவப்பிரகாசமே சொல்லியிருந்தபடி, ஈவ்லின் டீச்சரும் சுந்தரராஜும் வந்து நின்றார்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"வாங்க டீச்சர், வாங்க. நம்ம ஷில்பாவோட டீச்சர். ஆசீர்வாதம் பண்ண வந்திருக்காங்க," என்று சிவப்பிரகாசம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டினார்.

"கண்ணுல தூசு பட்டுதா சார்? தண்ணியில கழுவுங்க," என்றார் ஈவ்லின் டீச்சர். பிறகு பாக்யலட்சுமியிடம் திரும்பி, "ரொம்ப நல்ல குடும்பம்மா. இவரு வேதாகமத்த ஆதியிலிருந்து அந்தம் வரைக்கும் படிச்சி முடிச்சிட்டாரு. எங்க கமிட்டியில ஒருத்தரும் முடிக்கல," என்று மனமாரப் புகழ்ந்தார்.

சுந்தரராஜ் பூஜை அறைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், எங்க புக்குக்கு முருகர் அட்டை போட்டு வச்சிருக்கீங்க?"

சம்பங்கி தம் செருப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

சிவப்பிரகாசத்துக்கு அப்போது ஒரு தெளிவு வந்தது. இனிமேல் கெடுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை என்ற நிலையில் வருகிற தெளிவு அது.

"ஐயா, நான் மதம் மாறல. இவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலன்னு புக்கு பொறுக்கித் தர ஒத்துக்கினேன். நீங்க தப்பா நெனைப்பீங்கன்னு ஒளிச்சி வச்சேன். தப்புதான். ஆனா சொன்ன வேலைய முடிச்சிடறேன்." காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாக உரித்தார். "டீச்சர், பெரியவங்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பு, பெரிய எழுத்துல. வாயில ஏறிப்போன வார்த்தைய இந்த வயசுல மாத்தினா அவங்களுக்கு ஜெபமே வராது. சுந்தரராஜ், வாலிபப் பசங்களுக்கு எளிய தமிழ். இங்க படிக்கிறது கன்னடம், வேலை இங்கிலீஷு, புரியற மாதிரி இருந்தாத்தான் தொறப்பாங்க. வாண்டுங்களுக்குப் படக்கதை. பேழை, மீனு, காணாமப் போன ஆட்டுக்குட்டி. ராட்சசன் தலை மூணாங்கிளாசுக்கு மேல."

ஈவ்லின் டீச்சரும் சுந்தரராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நானும் அதைத்தான் சொன்னேன்," என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். கமிட்டி ஒன்று சேர்ந்துவிட்டது.

சின்னசாமி எழுந்தார். "கொஞ்சம் வெளிய போயி பேசிட்டு வரோம்," என்றார். மனைவியும் மகனும் பின்னால் போனார்கள். ராகேஷ் வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஷில்பா சமையலறையிலிருந்து கேசரித் தட்டோடு வந்து நின்றாள். "போயிட்டாங்களாப்பா?"

சிவப்பிரகாசம் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். ஊரில் உள்ள எல்லா வயசுக்கும் சரியானதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, தன் பெண்ணுக்கு மட்டும் பொறுக்கத் தெரியாமல் போய்விட்டதே என்று அழுகை வந்தது. சுந்தரிகூட ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் போயி பேசிப் பாக்கறேன் சார்," என்று ஈவ்லின் டீச்சர் குடையை எடுத்தார்.

அதற்குள் வேன் டிரைவர் மட்டும் உள்ளே வந்தான். பழத்தட்டுகளைத் திருப்பி எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, சிவப்பிரகாசம் தாமே அவற்றை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். அவன் தட்டுகளைத் தாண்டிப் போய்ப் பூஜை அறை வாசலில் நின்றான். சட்டைப் பையிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துத் தலையைச் சொறிந்தான்.

"எங்க முதலாளி தைக்கிறது பை இல்லீங்க, பைபிளுக்குப் போடற ஜிப் கவரு. நீங்க ரொம்ப ஆச்சாரம்னு தரகரு சொன்னாராம். தெரிஞ்சா பொண்ணு தர மாட்டீங்கன்னு வண்டியாண்ட நின்னு நடுங்கிக்கினு கீறாரு. உங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னா, அந்தப் பெரிய எழுத்து புக்க மட்டும் அளவெடுத்தாரச் சொன்னாரு."