படகுக்குள் தண்ணீர் ஊற்றியவர்

உலகத்தில் எல்லாப் பொருளிலும் ஓர் ஓட்டை உண்டு, விற்கிறவன் அதை மறைக்கிறான். சின்னக்கானலில் டியூப் ஒட்டும் கடை வைத்திருக்கும் பஞ்சர் அண்ணாச்சியின் மொத்தத் தத்துவமும் இதுதான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். புது ரப்பர் பூட்ஸ் வாங்கினால் கடைக்காரர் கண்ணெதிரே வாளியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். மாதா கோயிலுக்கு வந்த புதுத் தீர்த்தத் தொட்டியைக்கூடத் தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகே மந்திரிக்க விட்டார். பங்குச் சாமியாரால் கோபப்பட முடியவில்லை. தொட்டி ஒழுகியது.

எனவே பழைய படகு வாங்கக் கிளம்பிய ரோசம்மா அக்கா அவரைத்தான் கூப்பிட்டார். தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்ற பிறகு அக்காவும் கணவரும் அணையின் அக்கரையில் நான்கு மாடு வளர்த்தார்கள். சாலை வழியே சுற்றி வருவதற்குள் பால் வண்டி போய்விடும். படகு அமையாவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான். கணவருக்குத் துடுப்புப் போடத் தெரியும். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் சாட்சிக்குப் போனேன்.

ஃபைபர் படகு, புது நீலப் பெயின்ட். விற்பவர் ஜோயி, பாதி மலையாளம் கலந்து தமிழ் பேசுபவர்.

"ஒரு துளி வெள்ளம் கேறாது சேச்சி. சாயங்காலம் ரிசார்ட்காரன் வரும். சீக்கிரம் சொல்லணும்."

"கெழட்டு மாப்பிள்ளைக்குப் பவுடர் அடிச்ச மாதிரில்லா இருக்கு," என்றார் அண்ணாச்சி. "படகத் தண்ணியில விடாதீங்க. தண்ணியப் படகுல விடுங்க."

"படகினுள்ள வெள்ளம் ஒழிக்கறதா? ஆரெங்கிலும் கேட்டா சிரிக்கும்!"

"ஏரியில விட்டா ஓட்டை அடியில கெடக்கும், நான் மேல இருப்பேன். ஒருத்தர ஒருத்தர் எப்படிவே பாத்துக்கிடுறது?"

படகை நான்கு கற்களின்மேல் ஏற்றி முப்பது குடம் ஊற்றினோம். சுண்ணக்கட்டியுடன் அண்ணாச்சி அடியில் ஊர்ந்தார். அரைமணி நேரம் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு குரல் வந்தது.

"நெத்தியில சொட்டிருச்சு!"

மூன்று இடத்தில் வட்டம் போட்டிருந்தார். ஜோயியின் முகம் சுருங்கியது. அக்காவின் முகம் அதைவிடச் சுருங்கியது.

"அப்ப வேண்டாங்கீரா அண்ணாச்சி?"

"யாரு வேண்டாம்னா? ஓட்டை எங்கனு தெரிஞ்சுபோச்சுல்லா, இனி என்ன பயம்? நான் ஒட்டித் தாரேன். எடுத்துக்கிடுங்க யக்கா."

ரிசார்ட்காரர் வருவதற்குள் பேச்சு முடிந்தது.

மூன்று நாள் கழித்து வெள்ளோட்டம். "ஒட்டுனவருதான் மொதல்ல ஏறணும்," என்றார் அக்கா. அண்ணாச்சி இடுப்பில் காற்றடித்த லாரி டியூபும் கையில் செபமாலையுமாக ஏறினார். அக்காவின் கணவர் துடுப்புப் போட்டார். நடு ஏரியில் 'புஸ்' என்று சத்தம். கரையில் நின்ற அக்கா மாதாவைக் கூப்பிட்டார்.

காற்று இறங்கியது டியூபில். படகு அசையாமல் நின்றது.

"டியூப வாளியில அமுக்கிப் பாக்கலியா அண்ணாச்சி?" என்று படகு கரை சேர்ந்ததும் அக்கா கேட்டார்.

"அது நானே ஒட்டுனதுல்லா யக்கா. சந்தேகம் வரல."

படகை ஒட்டியதும் அவர்தான். அக்கா ஒரு நொடி யோசித்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

இப்போது பால் தினமும் வண்டிக்கு முன்பே வந்துவிடுகிறது. அந்த நீலப் படகு கரை சேரும்வரை அண்ணாச்சி கடையைத் திறப்பதில்லை, கரையிலேயே நிற்கிறார். என் பைக் காற்றில்லாமல் கிடக்கும் நாட்களில் நானும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.