கறுப்பு மெஷினுக்குத் தீயைக் குறைத்த கதை

உதவி செய்கிறேன் என்று கிளம்புகிற அப்பாக்களை நம்பாதீர்கள், பிள்ளைகளே. இதைச் சொல்கிறவனும் அப்படி ஓர் அப்பாதான்.

குரங்கணி ரோட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிறவன் நான். படிப்பு எட்டாவது. (அதிலும் கணக்கில் பாதிதான்.) மகள் மலர் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். கையில் பிடித்து விளையாடும் கேமிங் கம்ப்யூட்டர் இரண்டை இரவல் வாங்கி வந்திருந்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எது வேகம், எதில் பேட்டரி நிற்கும் என்று ஒப்பிட்டுக் காலேஜ் கம்ப்யூட்டர் மன்றத்தில் பேச வேண்டும். சரியாகச் செய்தால் மன்றத்தில் சேர்த்துக்கொள்வார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் ஒரே கார் பந்தயத்தைத் தானாக ஓட விட்டாள்.

“வேகத்தக் குறிச்சிட்டேன்ப்பா. இனி பேட்டரிதான். ரெண்டுலயும் இருபத்தஞ்சு வாட் வச்சிருக்கேன். கூட்டுனா வேகமும் சூடும் கூடும், கொறச்சா ரெண்டும் கொறையும். எதையும் தொடாதீங்க. எது எப்ப அணையுதுன்னு மட்டும் எழுதி வைங்க. அம்மாவோட தேனிக்குப் போயிட்டு வந்துர்றேன்.”

“போயிட்டு வா ஆத்தா. இருபது வருசமா அடுப்புப் பாக்குறவன்ட்டயா சொல்ற?”

அரை மணி நேரத்தில் கறுப்பு ‘உஸ்ஸ்’ என்று சீறியது. தொட்டேன். (முதலில் தொட்டது மட்டும்தான்.) கொதித்தது. சூடு ஏறினால் ஏலக்காய்க்குப் பச்சை போய்விடும். இரவல் மெஷினில் ஏறினால் மகளுக்கு மானம் போய்விடுமே! பதறிப்போய் வாட்டை எட்டுக்கு இறக்கினேன். சீறல் நின்றது. பந்தயக் கார் லோடு ஜீப்பு மலையேறுவதுபோல முக்கி முக்கிப் போனது. நிதானமான டிரைவர் என்று மெச்சிக்கொண்டேன்.

வெள்ளை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அணைந்தது. கறுப்பு நாலு மணி நேரம் நின்றது. எழுதி வைத்தேன்.

மறுநாள் மன்றத்தில் நானும் பின்வரிசையில் இருந்தேன். “வேகத்துலயும் கறுப்பு, பேட்டரியிலயும் கறுப்பு!” என்றாள் மலர். முதல் கைதட்டல் என்னுடையது.

மன்றத் தலைவி எழுந்தாள். “ஒரே வாட்ல ரெண்டு மடங்குக்கு மேலயா? எங்க, ஓட்டிக் காட்டு.”

பெரிய திரையில் கார் முக்கியது. திரை மூலையில் எட்டு வாட்.

“இத யாரு கொறச்சது?” மைக்கிலேயே கேட்டாள் மலர்.

வகுப்புப் பையன்போலக் கையைத் தூக்கினேன். “நான்தான் ஆத்தா. கருகிருமேன்னு தீயக் கொறச்சு விட்டேன்.”

அரங்கமே சிரித்தது. மலர் சிரிக்கவில்லை.

தலைவிதான் இரக்கப்பட்டாள். “அடுத்த வாரம் மறுபடி சோதிச்சுக் கொண்டா.”

அடுத்த ஞாயிறு சோதனை முடியும்வரை என் மனைவி என்னைப் போடிச் சந்தைக்கு அனுப்பிவிட்டாள். இம்முறை வெள்ளைதான் பத்து நிமிடம் அதிகம் நின்றது. மலரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் அட்டவணையில் மூன்றாவதாக ஒரு வரி: ‘கறுப்பு, அப்பா தீயில்: நாலு மணி நேரம்.’

இப்போதும் வீட்டில் கேஸ் சிலிண்டர் பத்து நாள் கூடுதலாக வந்தால், “அப்பா தீயக் கொறச்சிட்டாரா?” என்பார்கள். போன வாரம் குரங்கணி பஸ்சு மேட்டில் திணறியபோது, முன் சீட்டிலிருந்து மலர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். “தொடவே இல்ல ஆத்தா!”