ஒற்றைத் தும்மலுக்கு ஒரு விளக்கம்

டத்தோ கிராமாட், பினாங்கு
9-2-1932

கனம் பொருந்திய கந்தப்பு அண்ணர் அவர்கள் சமுகத்துக்கு,

நாகநாதன் எழுதிக்கொள்வது. முருகன் கிருபையால், என் மூக்கு நீங்கலாக, இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்கும் அவரையே வேண்டுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை தாங்கள் பட்டர்வொர்த்திலிருந்து படகேறிப் பெண் பார்க்க வந்து, "அப்ப நாள் வைப்பமா?" என்று கேட்ட அதே கணத்தில் நான் தும்மினேன். ஒரேயொரு தும்மல். தாங்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "பிறகு பார்ப்பம்" என்று குடையை எடுத்தீர்கள். ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டை என்றால் நல்லது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அண்ணர், அது சகுனமல்ல, மருந்து செய்த வேலை!

கொல்லையில் றம்புட்டான் பூத்தால் எனக்கு வருஷா வருஷம் தும்மல்தான். காலமை பன்னிரண்டு, கந்தோரில் வேலைக்கு நடுவில் எட்டு, எப்பவும் இரட்டைப்படை. ஒழுங்காய்த் தும்மிக்கொண்டிருந்த மனிசன் நான். நீங்கள் வாறியள் எண்டு என்ர மனிசி மஞ்சள் கட்டையை விளக்கில சுட்டு மூக்குக்குக் கிட்டப் பிடிச்சா, மீசையில ஒரு பக்கம் போச்சு. நீங்கள் அதைப் பற்றிக் கேக்காமல் விட்டது உங்கட பெரிய மனசு. நொச்சியிலை ஆவி பிடிக்கப் போர்வையால மூடினா, மூச்சு முட்டிச் சட்டியைத் தட்டிக் காலும் வெந்துது. வேர்க்கொம்புச் சுக்கை அரைச்சு நெத்தியில பூச, அது கண்ணுக்குள்ள வழிஞ்சுது. பக்கத்து வீட்டுச் சலேஹா சாதிக்காய் எண்ணெய் தந்து, கொஞ்சம்தான் பூசோணும், "சிக்கிட் சாஜா" எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னா, நான் அரைப் போத்தலைப் பூசினன். எட்டு நாலாச்சு, நாலு ரெண்டாச்சு, வெள்ளிக்கிழமை ஒண்டில வந்து நிண்டுது. ஒரு நாள் முந்தி வந்திருந்தியள் எண்டா ரெண்டு, ஒரு நாள் பிந்தி வந்திருந்தா ஒண்டுமில்லை. ஐயோ, என்ர விதி!

மகள் கனகேஸ்வரி நாலு நாளாய் என்னோட கதைக்கிறாளில்லை. "அப்புவின்ர மூக்காலதான் எல்லாம் குழம்பினது" எண்டு தாயிட்டச் சொல்லி அழுறாள். உங்கட மகன் சற்குணத்தை அவளுக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு, அண்ணர். பிள்ளையின்ர கண்ணைப் பாக்க எனக்கு வெக்கமாய்க் கிடக்கு. படிச்ச மனிசர் நாங்கள், ஒரு தும்மலை நம்பலாமோ?

வீட்டில் பெரியோருக்கு வந்தனமும் சிறியோருக்கு ஆசியும் சொல்லவும்.

தங்கள் பதிலுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும்,
நாகநாதன்

பி.கு.: இதை ஒட்டப்போகேக்கை உங்கட கடிதம் வந்துது. சம்மதமாம்! கனகேஸ்வரி என்னை "அப்பு" எண்டு கூப்பிட்டாள். ஆனால் அண்ணர், "கையெழுத்து வைக்கேக்கை எனக்கும் ஒரு தும்மல் வந்தது, நான் அதைக் கணக்கெடுக்கவில்லை" எண்டு அடியில எழுதாமல் விட்டிருக்கலாமே! மாப்பிள்ளையின்ர தேப்பன் ஒற்றைத் தும்மல் தும்மினா ஆகவே ஆகாதாம், மனிசி ஒற்றைக்காலில நிக்கிறா. மேல எழுதின முழுவதையும் வாசிச்சுக் காட்டினன், "அந்த மருந்துக் கதை உங்கட மூக்குக்குத்தான்" எண்டுறா. என்ன மருந்து எடுத்தனீங்கள் எண்டு உடன எழுதுங்கோ. எடுக்காட்டியும், எடுத்தனான் எண்டு எழுதுங்கோ.