பேயல்ல மச்சான், ஹெவி மெட்டல்

போடிநாயக்கனூர்,
சித்திரை, வெள்ளிக்கிழமை.

எனக்குப் பெண் கொடுத்த வீட்டின் மூத்தவரும், ஒரு மாதமாக என் போனை எடுக்காதவருமான மச்சான் வேலுச்சாமி அவர்களுக்கு, தங்கை புருஷன் வெள்ளைத்துரை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை பாண்டியம்மாளும் உங்கள் மருமகள் பானுப்பிரியாவும் சுகம். கோடை மழை இரண்டு விழுந்ததில் குரங்கணிக்கு மேலே நம் ஏலச்செடிகளும் சுகம். திருப்பூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் இதைவிட ஒரு படி கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும்.

தரகர் சின்ராசு உங்களிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த இடத்தில் பானுவுக்குப் பேய் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். நீங்களும் உடனே உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, "மொதல்ல பேய ஓட்டுங்க, அப்பறம் நிச்சயத்துக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். வைகாசியில் நிச்சயம். தாய்மாமன் பட்டு கொண்டுவந்து மாலை போடாமல் நம் சனத்தில் எந்தப் பெண்ணுக்காவது நிச்சயம் நடந்ததுண்டா? "தாய்மாமன் வரலேன்னா ஏதோ இருக்குன்னுதான ஊரு பேசும்?" என்று தேவாரத்து மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். நீங்கள் வராவிட்டால் என் மகள் பெயர் கெட்டுப்போகும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிள்ளைக்குப் பிடித்திருப்பது பேயல்ல, ஹெவி மெட்டல். அது ஒரு வகைப் பாட்டு. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

பானு மதுரையில் படிக்கும்போதே இந்தப் பாட்டில் விழுந்துவிட்டாள். கூடப் படித்த மூன்று பேரோடு சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறாள். காய் வரத்து இல்லாத மாதங்களில் வீட்டுக்குப் பின்னால் நம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் சும்மாதானே கிடக்கிறது, சுவரும் கனம், சத்தம் வெளியே போகாது என்று நம்பி இடம் கொடுத்தேன். சத்தம் போடிமெட்டு வரைக்கும் போகிறது. அது கிடக்கட்டும். மாப்பிள்ளை ராம்பிரசாத் வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்து, கேசரி சாப்பிட்டு, காபியும் குடித்தாயிற்று. கிளம்பியிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா அன்னக்கொடி, "பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், பாடு என்கிறேன் என்று பிள்ளை எடுத்துக்கொண்டாள். "எது வேணாலும் பாடலாமா அத்தே?" என்றாள். "ஒனக்குப் புடிச்சதப் பாடு ஆத்தா" என்றார் அந்த அம்மா. காலை அகட்டி நின்றாள், தலையைக் குனிந்தாள், முடி முகத்தில் விழுந்தது, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது பாருங்கள் மச்சான், முந்தல் தாண்டி மலை ஏறும் லோடு ஜீப்பு ஃபர்ஸ்ட் கியரில் உறுமுமே, அதேதான். கேசரித் தட்டுகள் உருண்டன. அன்னக்கொடி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக் கையெடுத்துக் கும்பிட்டு, "வந்திருக்கது யாரு? கருப்பனா, அய்யனாரா?" என்றார். பாட்டின் இரண்டாவது வரி முதல் வரியைவிடக் கனமானது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மொத்த வேனும் எழுந்து நின்றுவிட்டது. சூடத்தை ஏற்றியது யார் தெரியுமா? உங்கள் தங்கை. பத்து மாதம் சுமந்து பெற்றவள், தினம் அந்தச் சத்தத்தைக் கேட்கிறவள், கூட்டத்தைப் பார்த்ததும் தனக்கே சந்தேகம் வந்து சூடத்தை ஏற்றிவிட்டாள். "எம் மகனுக்கு இந்த எடம் அமையுமா சாமி?" என்று அன்னக்கொடி குறி கேட்டார். பாட்டின் கடைசியில் தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டுவது அந்தப் பாட்டுக்காரர்களின் வழக்கமாம். ஆட்டினாள். சம்பந்தம் முடிவாகிவிட்டது. சின்ராசு வெளியே ஓடி உங்களுக்குப் போன் போட்டது அப்போதுதான்.

அவர் ஓடியபின் நடந்ததை அவர் எப்படிச் சொல்வார்? பானு முடியை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "சாமியெல்லாம் இல்ல அத்தே, பாட்டுத்தான்" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். அன்னக்கொடி செருகிய முந்தானையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். அப்புறம், "இது எந்த ஊருப் பாட்டு ஆத்தா?" என்று கேட்டார். பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள், எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன். இதன் ஆணிவேர் அமெரிக்காவில், பருத்திக்காட்டில் இருக்கிறதாம். அடிமையாகக் கிடந்த கறுப்பின மக்களும் அவர்கள் பிள்ளைகளும் வேதனை தாங்காமல் பாடியது புளூஸ் என்ற பாட்டு. அந்தப் பாட்டு இசைத்தட்டில் ஏறி, கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. அங்கிருந்த இளவட்டங்கள் அதைக் கேட்டுக் கிறுக்கேறி, ஆம்ப்ளிஃபயரை அது தாங்காத அளவுக்குத் திருகி வாசித்திருக்கிறார்கள். ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்து, அந்தக் கரகரப்புக்காகவே வாசித்தவர்களும் உண்டாம். நம் தெருப் பொங்கலுக்குக் கிழிந்த ஸ்பீக்கர் கட்டினார் என்று ரேடியோ செட்டுக்காரரிடம் நாம் மல்லுக்கு நின்றோமே, வெள்ளைக்காரன் நல்ல ஸ்பீக்கரை வாங்கிக் கிழித்திருக்கிறான். பிறகு சேர்த்து வாசித்தால் நெஞ்சைப் பிசைகிற இரண்டு சுரத்தைப் பிடித்துக்கொண்டார்களாம். அந்தச் சேர்க்கைக்கு அந்தக் காலத்திலேயே சாத்தான் பெயர் வைத்திருந்தார்களாம். "சாத்தான்" என்று பானு சொல்லவும் சின்ராசு வாசலில் தலையை நீட்டவும் சரியாக இருந்தது. உங்களுக்கு வந்த இரண்டாவது போன் அதுதான்.

அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். இரும்பு ஆலைகள் நிறைந்த ஓர் ஊரில் கிட்டார் வாசிக்கும் தொழிலாளி ஒருவருக்கு மிஷினில் சிக்கி இரண்டு விரல் நுனி போய்விட்டதாம். இனி வாசிக்க முடியாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். கம்பி இறுக்கமாக இருந்தால் வலிக்கிறது என்று பிறகு அதையும் தளர்த்திவிட்டார். சத்தம் கீழே இறங்கிக் கனத்துப்போனது. ஊரெல்லாம் பிறகு அந்தக் கனத்தைத்தான் தேடி வாசித்ததாம். பானு இதைச் சொன்னபோது மாப்பிள்ளையின் அப்பா பாண்டித்துரை, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், துண்டுக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்தார். கதிரடிக்கும் மிஷினில் நுனி போன இரண்டு விரல்கள். அதற்கு முன்பு பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவராம். அதன் பிறகு பெட்டியைத் திறக்கவே இல்லையாம். "எந்த வெரலு ஆத்தா அவருக்கு?" என்று கேட்டார். "நடுவெரலும் மோதர வெரலும் மாமா" என்றாள். "எனக்கும் அதேதான்" என்றார். என் மகள் எழுந்து போய் ஷாம்பு பாட்டில் மூடியை மெழுகுவத்தியில் வாட்டிக்கொண்டு வந்தாள். அது விரலில் சரியாக நிற்கவில்லை, துணி சுற்றி நிறுத்தினாள். கிட்டாரை அவர் மடியில் வைத்தாள். அவர் ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். நல்ல சத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனுசன் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான், காபி டம்ளரை எடுப்பதுபோல் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தால் அன்னக்கொடி பானுவிடம், "இந்தச் சத்தத்தப் பதிஞ்சு குடு ஆத்தா, எங்க தோட்டத்துப் பக்கம் யானை வராதுல்ல?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சம்பந்தி பாண்டித்துரை இப்போது ஞாயிறுதோறும் பஸ்சு ஏறி நம் ஸ்டோருக்கு வாசிக்க வந்துவிடுகிறார்.

உங்கள் தங்கையும் மாறிவிட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ முணுமுணுத்ததற்கு, "எம் புள்ள அழுதா வந்து கேக்க ஆளில்ல, பாடுனா மட்டும் பேயா?" என்று சண்டைக்குப் போனாள். ஆக எல்லாம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம், எங்களுக்குச் சம்மதம். குறை நீங்கள் ஒருவர்தான். சின்ராசு பேச்சைத் தள்ளிவிட்டு வெரசாகக் கிளம்பி வாருங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நல்ல காதும் பெற்று வாழ என் ஆசி.

உங்கள் வருகையே கதியென்று காத்திருக்கும்,
வெள்ளைத்துரை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பானு வாங்கிப் படித்தாள். "எல்லாருக்கும் சம்மதம்னு எழுதியிருக்கீங்களே, என்கிட்ட யாருப்பா கேட்டீங்க?" என்றாள். கவரைக் கீழே வைத்தேன். ராம்பிரசாத் நல்லவர்தானாம், ஆனால் அவருக்கும் தனக்கும் ஒத்துவராது என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். தேவாரத்துக்குப் போன் போட்டேன். பாண்டித்துரைதான் எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது கெடக்கு சம்பந்தி. ஞாயித்துக்கெழம பிராக்டிஸ் உண்டுல்ல?" என்றார். ஆகவே நிச்சயம் கிடையாது. அதே நாளில் ஸ்டோரில் கச்சேரி. தாய்மாமன் இல்லாமல் மேடை ஏற மாட்டேன் என்கிறாள் உங்கள் மருமகள். பட்டு வேண்டாம். திருப்பூரிலிருந்து வரும்போது மேடையில் போடக் கறுப்புப் பனியன் ஐந்து கொண்டுவரவும். ஒன்று பெரிய சைஸாக இருக்கட்டும், அது பாண்டித்துரைக்கு.