மாதாவின் நீல முக்காடு

வியாகப்பன் குத்தியது குளவிக்கூட்டைத்தான். கூடு அசையவில்லை. மாதாவின் நீல முக்காடு கோயிலின் கண்ணாடிச் சன்னலிலிருந்து பெயர்ந்து, கீழே விழுந்து நொறுங்கியது.

கன்னத்தில் கொட்டிய குளவியைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை. பங்குக் கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளை அவன். உடைந்தது சேசடிமை சாரின் நினைவுச் சன்னல். மணியாச்சி ஜங்ஷனில் வேலை பார்த்த சார், படுக்கையில் கிடந்தபடியே, "முக்காடு நல்ல நீலமா இருக்கணும்" என்று சொல்லி, கலர்க் கண்ணாடிக்கு ஏற்பாடும் செய்துவிட்டுக் கண்ணை மூடியவர்.

தொண்ணூறுகளில் எங்கள் கரிசல்காட்டுப் பங்கில் அதைவிட அழகான காட்சி கிடையாது. ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கும்போது வெயில் ஏறும். முக்காட்டு நீலம் தரையில் நகர்ந்து நகர்ந்து, தூணோரம் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி பிரகாசியம்மா டீச்சரின் வெள்ளைச் சேலையில் வந்து படியும்.

"சார் வந்துட்டாவ" என்று பெண்கள் பக்கம் கிசுகிசுப்பார்கள். பிரசங்கத்தில் தூங்குகிற எங்களைப் போன்றவர்களும் அதற்கு மட்டும் கண் திறப்போம். டீச்சர் அதற்காகவே விளாத்திகுளத்து மகன் வீட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார்.

வருகிற ஞாயிறு சாரின் நினைவு நாள் வேறு.

"டீச்சர் பாத்தா நெஞ்சு வெடிச்சிருவாவளே!" என்றான் வியாகப்பன்.

"அவியளுக்கு ஒண்ணும் ஆவாது. ஒம்ம காதுதான் பிய்யும். ஒண்ணாப்புலயே பிச்சாவள்லா," என்றாள் மனைவி மரியபுஷ்பம்.

கோவில்பட்டிக் கண்ணாடிக் கடையில் கைவிரித்தார்கள். "நீலமா? இங்கன வெறும் வெள்ளைதான் அண்ணாச்சி."

வெள்ளையை வாங்கி மாட்டி, துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை இரண்டு பாட்டில் பூசினான். காலையில் ஜோராக இருந்தது. மத்தியான வெயிலில் பொரிந்து, புள்ளி புள்ளியாக உதிர்ந்தது.

பங்குச்சாமியார் அண்ணாந்து பார்த்தார். "என்னய்யா, மாதாவுக்கு அம்மை போட்டிருக்கு?"

"ஈரத்துணியால ஒத்தி எடுத்துருதேன் சாமி."

ஒத்தினான். நீலம் வழிந்து, மடியிலிருந்த குழந்தை யேசுவைத் தலையோடு கால் நனைத்தது. அந்தப் பக்கம் போன பலசரக்குக் கடை வேணுகோபால் வாசலில் நின்று கும்பிட்டார். "எங்க கண்ணன் இங்கன எப்ப வந்தாரு?"

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் குழந்தை பிழைத்தது. முக்காடுதான் இல்லை. சனிக்கிழமை பேன்சி ஸ்டோருக்கு ஓடினான். நீலக் கண்ணாடித்தாள் தீர்ந்துபோயிருந்தது.

"ரோஸ் இருக்கு. கல்யாண வீட்டுக்கு எடுப்பா இருக்கும்."

"நினைவு நாளுக்குவே!"

வேறு வழியில்லாமல் வாங்கிவந்து மைதாப் பசையில் ஒட்டினான். மரியபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். "தாலி அறுத்தவிய மேல ரோஸா? வெளங்கிரும்!"

"வெறும் வெயில் விழுததுக்கு இது தேவலட்டி."

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கியது. வெயில் ஏறியது. "சார் வந்..." என்று எழுந்த கிசுகிசு பாதியில் செத்தது. டீச்சரின் வெள்ளைச் சேலை பன்னீர் ரோஜாவாகப் பூத்திருந்தது.

அவர் மடியைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

வியாகப்பன் பாவமன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தான். நாலு வருசமாக ஒரு வாரமும் தவறாமல் வருகிற மனுஷி, இனி இந்தப் பக்கம் வரவே மாட்டார். கெடுத்தது தான்தான். குளவி கொட்டியபோது வராத அழுகை இப்போது வந்தது.

பூசை முடிந்ததும் டீச்சர் நேராக அங்கேயே வந்தார். "ஏலே வியாகப்பா, வெளிய வா."

"டீச்சர், குளவிக்கூட்ட எடுக்கலாம்னுதான்... அடுத்த வாரத்துக்குள்ள எப்பாடுபட்டாவது நீலமே..."

"மாத்துன, கையை ஒடிச்சிருவேன்." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கவில்லை. "கட்டுன நாள்லேருந்து ரோஸ் சேலை கேட்டேம்லே, கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் நீலத்தையே தூக்கிட்டு வந்த மனுசனுக்கு இன்னைக்குத்தாம்ல காது கேட்டிருக்கு!"