வளவன் கமான் தேர்ந்த படலம்

பொன்னி நாடனும், வலங்கைமானுக்குத் தெற்கே மூன்று மா நன்செய்க்கு வேந்தனும், வெள்ளைப் பிக்கப் வண்டியின் தனிப்பெருஞ் சாரதியுமாகிய வளவனை முதற்கண் வணங்குவோம். இரும்பிலும் கிரீசிலும் உறையும் பட்டறைத் தெய்வம் எதுவோ, அதுவும் துணை நிற்க.

அவனுக்குப் பகை ஒன்றே. களத்திலிருந்து தார்ச்சாலைக்குச் செல்லும் வழியில், வாய்க்காலின் குறுக்கே, ஆமை முதுகெனப் புடைத்துக் கிடந்த சிறுபாலம் அது. முப்பது மூட்டைச் சம்பா நெல்லைச் சுமந்து வந்த வண்டியின் அடிவயிற்றைக் கவ்வி, முன்னும் போகவிடாமல் பின்னும் போகவிடாமல் சிறைப்பிடித்தது. டிராக்டர் கட்டி இழுத்துவிட்ட பக்கத்து வயல் வீரையன் சிரிக்கவில்லை. "வண்டி நல்ல வண்டிதாம்பா. காலுதான் குட்டை" என்று மட்டும் சொன்னார். வேல் பாய்ந்திருந்தால் தையலாவது போட்டிருக்கலாம்.

நெல் களத்துக்கே திரும்பித் தார்ப்பாய்க்குள் பதுங்கியது. மறுநாள் மாலை மழை என்றது வானிலை அறிக்கை. செம்மொழி என்னும் பெயருடைய அவன் மனைவி, "நனைஞ்சா கொள்முதல்ல திருப்பி அனுப்பிருவாங்க. மழைக்கு முன்னாடி கொண்டு போய்ச் சேத்துருங்க" என்று ஆணையிட்டாள். வளவன் விடியலில் கும்பகோணத்தின்மேல் படையெடுத்தான்.

ஷஹ்பாஸின் பட்டறையில் வண்டியை உயர்த்தும் இரும்புப் பட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றைக் கமான் என்பது பட்டறை வழக்கு. கமான் என்றால் வில். ஆகவே வில் தேர்ந்த மாவீரர் வரிசையில் நம் தலைவனைச் சேர்ப்பதில் பிழையில்லை என்றே தோன்றுகிறது. இரண்டு அங்குலம் உயர்த்தும் வில் பணிவுடையது; பாலத்தின் செருக்கை அடக்குமா என்பது ஐயம். மூன்று அங்குல வில் நடுவுநிலைமை உடையது. நடுவுநிலைமையால் வென்ற போர் எதுவும் அவன் நினைவுக்கு வரவில்லை. நான்கு அங்குல வில்லோ கருமுகிலில் மின்னல் வளைந்தாற்போல் சுவரில் சாய்ந்து கிடக்க, அதன் வளைவில் பாலம் தலைகுனிவதையும், வீரையனின் டிராக்டர் வழிவிட்டு ஒதுங்குவதையும், தெருவே தன் வண்டியை அண்ணாந்து நோக்குவதையும் ஒருசேரக் கண்ட வளவன், மெய்சிலிர்த்து, மெய்சிலிர்த்தபடியே இரண்டாம் காப்பியும் குடித்தான்.

"அண்ணே, ஒசரத்த விடுங்க. லோடு எவ்வளவு ஏத்துவீங்க?" என்றான் ஷஹ்பாஸ்.

"முப்பது மூட்டை."

"முப்பதுதானே. அசையாம நிக்கும்."

இங்கேதான் விதி புகுந்தது. வளவன் நாவில் மூட்டை என்பது அறுபது கிலோ. கொள்முதல் நிலைய வண்டிகளுக்கே கமான் பூட்டிப் பழகிய ஷஹ்பாஸின் செவியில் மூட்டை என்பது நாற்பது கிலோச் சிப்பம். இரண்டு மூட்டைகளும் ஒன்றையொன்று அறியாமலே கடந்து சென்றன.

"இனி எந்தப் பாலமும் என் வண்டியைத் தீண்டாது" என்று வளவன் முழங்கினான். "அந்த ஜாக்கியக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கண்ணே" என்றான் ஷஹ்பாஸ்.

நண்பகல் கடந்து வெற்று வண்டி பாலத்தைத் தாண்டிக் களம் புகுந்தது ஐராவதம் போல் இருந்தது. ஐராவதத்துக்கு நான்கு தந்தம், இதற்கு நான்கு சக்கரம், மற்றபடி வேறுபாடில்லை. "இதுல ஏற ஏணி வேணும் போலருக்கே" என்றார் வரப்பில் நின்ற வீரையன். வளவன் அதைப் புகழுரையாகவே ஏற்றான்.

மூட்டைகள் ஏறின. பத்தில் வில் பணிந்தது, இருபதில் குனிந்தது, முப்பதில், திறை கட்டத் தவறிய சிற்றரசன் பேரரசன் காலில் விழுவதைப்போல் வண்டி தரையை நோக்கித் தாழ்ந்தது. மேற்கே வானம் கறுத்துக் காற்றும் எழ, முன்சக்கரங்கள் பாலத்தில் ஏறி இறங்கிய அக்கணமே அடிவயிற்றில் டங்கென்று ஓர் ஓசை, முரசம் கிழிந்தாற்போல், வயலெங்கும் பரவியது. வளவன் இறங்கி நின்று, ஆறு அங்குல வில் எங்கே கிடைக்கும் என்று சிந்திக்கலானான்.

செம்மொழி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். "பாதிய இறக்குங்க. ரெண்டு நடையாப் போனா ராஜா கோச்சுக்குவாரா?" என்றாள்.

பதினைந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நடையாக ஓட்டினான், நெல் நனையவில்லை.