ஒரு கதிரையும் ஒரு பூச்சாடியும்

அமிர்தகழி,
மட்டக்களப்பு.
1997 வைகாசி.

அன்பின் மச்சான் வினாயகமூர்த்திக்கு,

மாமாங்கேஸ்வரர் கிருபையால் இங்கு நானும் உன் அக்கா மங்கையற்கரசியும் மகள் பூரணியும், உட்கார அனுமதியுள்ள கதிரை இல்லாத ஒரு குறையைத் தவிர, சுகமாக இருக்கிறோம். அதுபோல் சுவிசில் நீயும் மனைவி மக்களும் சுகமாகவும், இயன்றால் கதிரைகளோடும் இருக்க அந்த ஈசனை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைக் குசினிக்குள் நெல் மூட்டையில் இருந்துகொண்டு, கவிழ்த்த உரலின்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் என் வயது அல்ல, நீ அனுப்பிய படம்.

உன் அக்காவைப் பற்றி உனக்குத் தெரிந்ததையே சொல்லித் தொடங்குகிறேன். அவளுக்கு வீடு என்பது இருக்கிற இடம் அல்ல, மாற்றுகிற இடம். காத்தான்குடி ஸாலிஹா குவைத்தில் இருந்து வந்து மான் படம் போட்ட வெல்வெட் துணியைச் சுவரில் மாட்டினாள் என்று கேள்விப்பட்டாள், அடுத்த மாதமே எங்கள் சுவரிலும் இரண்டு மான்கள் நின்று தண்ணீர் குடித்தன. பிறகு சோகேஸ் வந்தது. அதற்குள் அடுக்கிய பீங்கான் கோப்பைகளில் இன்றுவரை ஒருவரும் தேத்தண்ணி குடித்ததில்லை. நான் ஒருமுறை ஒன்றை எடுக்கப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு பிளாஸ்டிக் முந்திரிகைப் பழக்குலை, அதைக் கொத்த ஜன்னலால் வந்த உண்மையான காகம், றேடியோவுக்கு நூலில் பின்னிய சட்டை, கரண்ட் இல்லாத காலத்தில் வாங்கிய கரண்ட் தொங்குவிளக்கு, கடைசியாக ஹோலையும் சாப்பிடுகிற இடத்தையும் பிரிப்பதற்கென்று ஒரு டிவைடர் அலுமாரி. அது வந்த பிறகு குசினிக்குப் போக நண்டுபோலப் பக்கவாட்டில் நடக்கப் பழகினேன். சுற்றிவளைப்புக்கு வந்த ஆமிக்காரர்கூட எங்கள் ஹோலுக்குள் இறங்கிச் சோதிக்க வழி தெரியாமல் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு நன்மை இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் பூரணிக்குக் கொக்கட்டிச்சோலையில் இருந்து சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வாத்தியார், நல்ல குணசாலி. பூரணிக்கும் பிடித்துவிட்டது போல, அவருடைய பெயர் அடிபட்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள், போகிற வழியில் டிவைடரில் இடித்துக்கொள்வாள். இதற்கு முன்னர் வந்த சம்பந்தங்கள் ஏதோ ஒரு கலவரத்தில், ஏதோ ஒரு இடப்பெயர்வில் குழம்பிப்போனது உனக்குத் தெரியும். இதுவும் குழம்பினால் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று எனக்கு ஒரே யோசனை. நம்ம பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டைத்தான் வடிவாகப் பார்ப்பார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை வந்து இருக்கப்போவது பெண்ணுக்குக் கொடுக்கிற வீட்டில். நானும் உன் அக்காவும் பின்வளவில் போட்டிருக்கிற சின்ன வீட்டுக்குள் ஒதுங்கவேண்டியவர்கள். மாப்பிள்ளையின் தாய் சீதேவிப்பிள்ளை வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அந்தத் திங்கட்கிழமை பார்த்து உன் படம் வந்து சேர்ந்தது.

உன் புது வீட்டு ஹோல். வெள்ளைச் சுவர், அதில் ஒரு ஆணிகூட இல்லை. நடுவில் ஒரு கதிரை, மூலையில் ஒரு பூச்சாடி, பூச்சாடிக்குப் பக்கத்தில் ஒரு காட்போட் பெட்டி. கதிரையில் நீ சிரித்துக்கொண்டு இருக்கிறாய். உன் அக்கா அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கழற்றிவிட்டுப் பார்த்தாள், பிறகு எங்கள் ஹோலை ஒரு சுற்றுப் பார்த்தாள். எனக்கு அப்பொழுதே முதுகு வலிக்கத் தொடங்கிவிட்டது.

"இஞ்சேருங்க, வெளிநாட்டில இப்ப ஒண்டும் வெக்கிறல்ல போல. நாமதான் இன்னும் சாமான அடுக்கிக்கிட்டுப் பழைய ஆக்களா இரிக்கம்" என்றாள்.

மான்கள் இறங்கின. சோகேஸ் இறங்கியது. சுவருக்கு வெள்ளை அடித்தோம், அதாவது நான் அடித்தேன். சாமிப் படங்கள் சாமியறைக்குப் போயின. எங்கள் கல்யாணப் படம் பின்வளவு வீட்டுக்குப் போனது, என்னை முன்கூட்டியே அனுப்பிவைத்த மாதிரி. ஒரு கதிரை நடுவில் வைக்கப்பட்டது, அதில் யாரும் இருக்கக்கூடாது என்று உத்தரவு. மூலையில் பூச்சாடி. பக்கத்தில், உன் படத்தில் உள்ளபடியே, ஒரு பழைய பிஸ்கட் பெட்டி. அது எதற்கு என்று கேட்டேன். அதுவும் அலங்காரம்தான், உங்களுக்கு விளங்காது என்று சொல்லிவிட்டாள்.

மிச்சச் சாமான்களைக் கல்லடியில் உன் மூத்த அக்கா வீட்டில் கொண்டுபோய் வைப்பதென்று முடிவாகி, காத்தான்குடி உசனார் காக்காவை லான்ட்மாஸ்டர் உழவு மெசினோடும் பின்பெட்டியோடும் வரச் சொன்னேன். கட்டில், அலுமாரி, டிவைடர், செற்றி எல்லாம் பெட்டியில் ஏறின. உசனார் கயிறு கட்டிக்கொண்டே என் காதோடு, "சேர், எந்தப் பக்கம் போறயள் எண்டு சொன்னா நானும் வீட்டாக்களக் கூட்டிட்டுப் போயிருவன்" என்றார். நாங்கள் எங்கும் போகவில்லை, வீட்டை வடிவாக்குகிறோம் என்றேன். வடிவாக்குகிறவர்கள் சாமானைக் கொண்டுவருவார்களா, கொண்டுபோவார்களா என்று அந்த மனிதர் ஒருகணம் யோசித்தார். பிறகு இரகசியம் காப்பவர்போலத் தலையை ஆட்டி, விளங்குது சேர் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மச்சான், இந்த இடத்தில் ஒரு பழைய கதையை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் வாகரைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போன அடுத்தநாள்தான் இங்கே பிரச்சினை தொடங்கியது. நான் போனது பலகாரம் சாப்பிட. ஆனால் அரசாங்க அதிபரின் கச்சேரியில் வேலை பார்த்த மனிதருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும், அதுதான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று எங்கள் ஒழுங்கையில் உள்ள அத்தனை வீடும் நம்பிவிட்டது. பென்சன் எடுத்த பிறகும் அந்த மதிப்புக் குறையவில்லை. நான் இருமினால்கூட ஏன் இருமுகிறார் என்று யோசிக்கிறவர்கள். இப்பொழுது அலுமாரியே போகிறது. பக்கத்து வளவு இலட்சுமிப்பிள்ளை வேலிக்கு மேலால் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் படத்தைக் காட்டி விளக்கியிருப்பேன். அவர் உள்ளே போய்க் கோழிகளைப் பிடித்துக் கூடையால் மூடத் தொடங்கினார்.

பின்னேரம் பார்த்தால் ஒழுங்கை முழுக்க மூட்டை. சைக்கிளில் அரிசி, தலையில் பாய், இடுப்பில் பிள்ளை, எல்லோரும் தஞ்சம் கேட்டு மாமாங்கக் கோயிலுக்கு நடக்கிறார்கள். இதற்கிடையில் கல்லடிப் பாலத்தடியில் நின்ற ஆமிக்காரப் பொடியன் உசனாரை மறித்து, இவ்வளவு சாமானும் ஏன் போகிறது என்று கேட்டிருக்கிறான். வீட்டை வடிவாக்க என்று உசனார் நான் சொன்னதையே சொல்லியிருக்கிறார். அந்தப் பொடியனும் நம்பவில்லை, மேலிடத்துக்கு அறிவித்துவிட்டான். உடனே முகாமில் மண்மூட்டைக்குப் பின்னால் ஆட்களைக் கூட்டினார்கள். அதைக் கண்டு, அதுவரை போகாமல் இருந்த தைரியசாலிகளும் மூட்டை கட்டினார்கள். ஒழுங்கை பயந்ததைப் பார்த்து முகாம் பயந்து, முகாம் பயந்ததைப் பார்த்து மிச்சச் சனம் பயந்து, எல்லோரும் பயந்ததைப் பார்த்து நானும் பயந்துவிட்டேன். உண்மையிலேயே ஏதோ நடக்கப்போகிறது போல என்று இரண்டு சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன். உன் அக்கா அதைக் கண்டு பையைப் பறித்துப் பிஸ்கட் பெட்டிக்குள் போட்டாள். "சம்பந்தி வீட்டாக்கள் வெள்ளிக்கிழம வருவாங்க. ஷெல் வாறெண்டாலும் அவங்க வந்துட்டுப் போன மறுகா வரட்டும்" என்றாள். இந்தக் குடும்பத்தில் யார் அரச சேவையில் இருந்திருக்கவேண்டியவர் என்று அப்பொழுது யோசித்தேன்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. சீதேவிப்பிள்ளையும் அவருடைய தமையனும் வாவியைத் தோணியில் கடந்து, பிறகு பஸ் பிடித்து வந்து, ஆள் நடமாட்டம் இல்லாத ஒழுங்கையால் நடந்து வந்தார்கள். எல்லா வீடும் பூட்டு. ஒரு நாய் மட்டும் மரியாதைக்குக் குரைத்தது. எங்கள் வீட்டில் மாத்திரம் கதவு திறந்து, வெள்ளைச் சுவர், நடுவில் கதிரை, வாசலில் சந்தனப் பொட்டோடு நான். வந்தவர்கள் இரண்டுபேர், கதிரை ஒன்று. தமையன் தங்கையை இரு என்றார், தங்கை அண்ணன் இருக்கட்டும் என்றார், நான் இருவரையும் இருங்கள் என்றேன், கடைசியில் எல்லோரும் பாய் விரித்து நிலத்தில் இருந்தோம். கதிரை மட்டும் எங்களுக்குத் தலைமை தாங்கிக்கொண்டு நடுவில் நின்றது.

சீதேவிப்பிள்ளை சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். உங்கள் சாமான்களெல்லாம் எங்கே என்று கேட்டார். நான் சுவிஸ் நாகரிகம் பற்றி மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்த பேச்சை விட்டுவிட்டுப் பாயின் சுருக்கத்தை எடுக்கத் தொடங்கினேன். கதவுக்குப் பின்னால் பூரணியின் கால்விரல் மட்டும் தெரிந்தது, அது நிலத்தைக் கீறிக்கொண்டு இருந்தது. உன் அக்காதான், இப்பொழுது எல்லா இடமும் இப்படித்தான், ஒன்றும் வைப்பதில்லை என்று மெல்லச் சொன்னாள். சீதேவிப்பிள்ளை தமையனைத் திரும்பிப் பார்த்தார். இதுவும் குழம்பிவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாங்க மூணு தரம் ஓடின ஆக்கள்" என்று சீதேவிப்பிள்ளை தொடங்கினார். "ஒவ்வொரு தரமும் அலுமாரியப் பாத்து அழுதுட்டு ஓடினம். கடைசித் தரம் தையல் மெசினத் தூக்கப் போய்த்தான் எங்கட இவருக்குக் கால்ல காயம், அதான் அவரு இண்டைக்கு வரல்ல. என்ட மகன் இரிக்கப்போற வீடு இப்பிடித்தான் இரிக்கணும். எழும்பினா புள்ளர கையப் புடிச்சிட்டு ஓடலாம், திரும்பிப் பாக்கத் தேவல்ல. எனக்கு இந்த வீடு புடிச்சிரிக்கி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான், வெட்கப்படாமல் எழுதுகிறேன். மகளுக்கு வீடு கொடுக்கிறோம் என்று இத்தனை வருஷமாக நான் சேர்த்ததெல்லாம் மரச்சாமான். அந்த மனிசி கேட்டது பிள்ளையின் கையை மட்டும். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் கால்விரல் கீறுவதை நிறுத்தியது. பூரணி குசினிக்குள் ஓடினாள், இடிக்க டிவைடர் இல்லை. நான் சொன்னேனே என்று உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் பத்து வருஷத்துக்கு நான் தாங்கவேண்டும்.

ஒழுங்கைச் சனம் ஒன்றும் நடக்காததால் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. இலட்சுமிப்பிள்ளையின் கோழி ஒன்று கோயில் வீதியில் தப்பிப்போனதும் என் கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே உன்னிடம் ஒரு தயவான வேண்டுகோள். காசு அனுப்பு, சொக்கலேட் அனுப்பு, ஒன்றும் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, தயவுசெய்து இனி உன் வீட்டுப் படம் மட்டும் அனுப்பாதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உன் வீட்டுச் சுவர்கள் என்றும் வெண்மையாகவும், உன் கமரா என்றும் பழுதாகவும் இருக்க வாழ்த்தும்,

அன்பு மச்சான்,
க. கனகசிங்கம்
(ஓய்வுபெற்ற கச்சேரி எழுதுவினைஞர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் நீ இங்குள்ள கொமினிகேசன் கடைக்கு அழைப்பு எடுத்துவிட்டாய். உன் ஹோல் அலங்காரத்தைப் பற்றி நான் கேட்டதும் நீ விழுந்து விழுந்து சிரித்து, அது வீடு மாறின அன்றைக்கு எடுத்த படம், சாமான் லொறி அப்போது வந்து சேரவில்லை, மூலையில் இருந்தது சட்டி பானைப் பெட்டி என்று சொன்னாய். உன் அக்காவிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பிஸ்கட் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அடுத்தநாளே உசனாரை வரச்சொல்லி எல்லாச் சாமானையும் திருப்பி எடுப்பித்தாள். டிவைடர் ஒழுங்கைக்குள் திரும்பியதும் சனம் அவரவர் வாசல் கடப்படிக்கு ஓடி வந்தது. கனகசிங்கத்தாரின் சாமான் திரும்பி வருகிறதென்றால் எங்கோ பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது, இனிச் சமாதானம்தான் என்று இலட்சுமிப்பிள்ளை சொல்ல, மாமாங்கத்தில் தேங்காய் உடைத்தார்கள். பாலத்தடிப் பொடியனும் உசனாரைச் சிரித்துக்கொண்டே விட்டானாம். நான் மறுத்துச் சொல்லத்தான் போனேன், மச்சான். அதற்குள் கதை வாவியைக் கடந்துவிட்டது. இன்று காலையில் சீதேவிப்பிள்ளை ஆள் அனுப்பியிருக்கிறார். சமாதானம் வருகிறதாமே, அப்படியென்றால் வெறும் வீடு சரியில்லை, மகனோடு சேர்த்து அனுப்ப முதிரை மரத்தில் ஒரு அலுமாரி செய்யக் கொடுத்திருக்கிறாராம். மூன்று தரம் ஓடியவர், நாலுபேர் தூக்கவேண்டிய அலுமாரி செய்விக்கிறார். இனி நான் எந்த வாயால் சமாதானம் இல்லை என்று சொல்ல? படம் அனுப்பாதே என்று மேலே எழுதியதை விட்டுவிடு. உன் சாமானெல்லாம் அடுக்கி முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. ஹோல் நிறைந்து, கால் வைக்க இடமில்லாமல் இருக்கட்டும். ஒழுங்கை முழுக்கக் காட்டவேண்டும்.